மாணவர்களை வைத்து அரசுக்கு மென்பொருள் எழுதலாமா? அடிக்கடி வரும் கேள்விகள்

பொறியியல் கல்லூரிகளில் கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடியது) பற்றிப் பேசக் கூப்பிடும்போதெல்லாம், பிரேசில் மாணவர்கள் தங்கள் அரசுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த கதையைச் சொல்வேன். அரங்கத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வெளியே வந்து டீயைக் கையில் வாங்கியதும் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். மாணவர்கள், பேராசிரியர்கள், இரண்டு அரசு அலுவலர்கள், ஒருமுறை ஒரு மாணவியின் அப்பா. ஊர் மாறினாலும் சந்தேகங்கள் மாறவில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

சார், பிரேசில்ல அப்படி என்னதான் நடந்தது? முதல்ல இருந்து சொல்லுங்க.

பிரேசில் அரசு 2007இல் பொது மென்பொருளுக்கென்று ஒரு தளம் தொடங்கியது. ஓர் அரசு அலுவலகம் மக்கள் பணத்தில் எழுதிய மென்பொருளை இன்னொரு அலுவலகமோ நகராட்சியோ திரும்பவும் காசு கொடுத்து எழுத வேண்டாம், இருப்பதை எடுத்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். அலுவலகக் கணினிகளைக் கணக்கெடுக்கும் காசிக், பள்ளி நிர்வாகத்துக்கான ஐ-எஜுகார் போன்றவை அப்படிப் பகிரப்பட்டவை. சில ஆண்டுகளிலேயே தளம் பழசாகிவிட்டது. பராமரிக்க ஆளில்லை, மேம்படுத்தவும் வழியில்லை.

2014 ஜனவரியிலிருந்து 2016 ஜூன் வரை, 30 மாதங்கள், அந்நாட்டுத் திட்டமிடல் அமைச்சகமும் பிரசிலியா பல்கலைக்கழகமும் சாவோ பாவுலோ பல்கலைக்கழகமும் சேர்ந்து அதைப் புதிதாகக் கட்டின. வேலையின் மையம் பிரசிலியா பல்கலைக்கழகத்தின் காமா வளாகத்தில் இருக்கும் லாப்பிஸ் என்ற ஆய்வகம். மொத்தத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இளநிலை மாணவர்கள் வேலை செய்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இருந்ததில்லை, வருவதும் போவதுமாக இருந்தார்கள். அவர்களோடு பேராசிரியர்கள், வடிவமைப்பாளர்கள், கட்டற்ற மென்பொருள் உலகிலிருந்து சம்பளத்துக்கு அழைத்துவரப்பட்ட மூத்த நிரலாளர்கள்.

எதையும் வெறும் தரையிலிருந்து எழுதவில்லை. சமூக வலைத்தளத்துக்கு நூஸ்ஃபெரோ, நிரல் வரிகளை (கோட்) வைக்க கிட்லேப், மின்னஞ்சல் குழுக்களுக்கு மெயில்மேன் என்று ஏற்கெனவே இருந்தவற்றை எடுத்தார்கள். அவற்றுக்கு முன்னால் கோலாப் என்ற, பைத்தான் நிரல்மொழியில் எழுதிய மென்பொருளை வாயிற்காப்போன்போல நிறுத்தினார்கள். பயனர் ஒருமுறை உள்நுழைந்தால் போதும், பின்னால் இருக்கும் எல்லாவற்றுக்கும் கோலாப் அவரை அறிமுகப்படுத்திவிடும். தேடலும் ஒன்று, தோற்றமும் ஒன்று. கேட்க எளிது. ரூபி மொழியில் ஒன்று, பைத்தானில் ஒன்று என்று வெவ்வேறு சமூகங்கள் தங்கள் போக்கில் வளர்க்கும் மென்பொருள்களைக் கோத்துக் கட்டுவது நல்ல தலைவலி.

அரசுகிட்ட ஐடி துறை இருக்கு, டெண்டர் விட்டா பெரிய கம்பெனி வரும். பசங்ககிட்ட ஏன் போகணும்?

எல்லா வேலைக்கும் போக வேண்டியதில்லை. சம்பளப் பட்டியல், கருவூலம் மாதிரி ஒரு நாள் நின்றாலும் ஊரே நிற்கும் விஷயங்களை மாணவர்களிடம் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் என்ன வேண்டும் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாத வேலைகள் சில உண்டு. செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்த வகைக்கு டெண்டர் சரிப்படாது, ஏனென்றால் என்ன வேண்டும் என்று முதல் நாளே 200 பக்கம் எழுதிக் கேட்பதுதான் டெண்டர். பல்கலைக்கழகம் என்றால் தேடிப் பார்ப்பதற்கென்றே இருக்கும் இடம். பிரேசிலில் அமைச்சகத்துக்குத் தளம் மட்டுமல்லாமல், இப்படியும் மென்பொருள் உருவாக்க முடியுமா என்ற விடையும் வேண்டியிருந்தது.

மூணாம் வருஷப் பசங்க எழுதின கோடை நம்பி அரசு எப்படி ஓட்டும்?

மாணவர் எழுதிய கோட் யார் கண்ணிலும் படாமல் நேராகச் சர்வருக்குப் போனால் நம்பக் கூடாதுதான். முப்பது வருடம் அனுபவம் உள்ளவர் எழுதியதும் அப்படிப் போனால் எனக்கு நம்பிக்கை கிடையாது.

பிரேசிலில் மாணவர்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியதை மூத்தவர் ஒருவர் வரி வரியாகப் படித்துப் பார்த்தார். அதற்கு மேல் இன்னொரு வடிகட்டி இருந்தது: நூஸ்ஃபெரோ, கோலாப் ஆகியவற்றில் செய்த மாற்றங்களை அந்தந்த மென்பொருளின் மூல சமூகத்துக்கே, அதாவது அதை எழுதிப் பராமரிப்பவர்களுக்கே அனுப்பினார்கள். அங்கே இருப்பவர்களுக்கு இவர் மாணவர், பாவம், சின்னப் பையன் என்ற கரிசனம் எல்லாம் கிடையாது. கோடைச் சரிபார்க்கும் சோதனை நிரல் எழுதவில்லையா, திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்லூரியில் எந்த வைவாவும் கற்றுத்தராத பாடத்தை அந்தத் திருப்பி அனுப்புதல் கற்றுத்தரும்.

மூத்தவர்களுக்குச் சம்பளம் தர மனமில்லாமல், மாணவர்கள் இலவசமாகக் கிடைக்கிறார்கள் என்று மட்டும் நினைத்து ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆரம்பிக்காதீர்கள்.

அஜைல்னா டாக்குமெண்டே எழுத வேண்டாம்தானே சார்?

இந்தக் கேள்வி எப்போதும் மகிழ்ச்சியான முகத்தோடுதான் வரும். மன்னிக்கவும், எழுத வேண்டும். அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு துண்டுகளாக எழுதி, காட்டி, திருத்திக்கொண்டே போகும் முறை. பிரேசில் மாணவர்கள் வேலை செய்ததும் அப்படித்தான். 2001இல் 17 பேர் சேர்ந்து எழுதிய அஜைல் அறிக்கை, விரிவான ஆவணத்தைவிட ஓடும் மென்பொருளுக்கு முதலிடம் என்கிறது. ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. பாதியை மட்டும் படித்துவிட்டு ஓடிவிடுகிறோம்.

மாறுவது எழுதும் இடமும் நேரமும். பிரேசிலில் ஒவ்வொரு பிழைக்கும், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் இஷ்யூ, அதாவது தனிப் பதிவு ஒன்றைத் திறந்தார்கள். அதன் கீழேயே விவாதித்தார்கள், முடிவும் அங்கேயே பதிவானது. இப்படிச் சேர்ந்தவை 879 இஷ்யூக்கள், 4,658 கருத்துகள். திட்டம் முடிந்து ஒருவர், இந்தப் பொத்தான் ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் அங்கே கிடக்கிறது. பைண்டிங் செய்து அலமாரியில் வைத்த 200 பக்கத்தில் அது கிடைக்காது. சர்வரில் எப்படி நிறுவுவது என்ற குறிப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். ஏன் என்பது கீழே வரும்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை திட்டத்தை மாத்திட்டே இருந்தா ஆடிட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?

கேட்டவர் ஓர் அரசு அலுவலர். நியாயமான பயம். கையெழுத்துப் போடுபவர் அவர், நாம் இல்லை.

பிரேசிலில் இந்த மோதல் நன்றாகவே வந்தது. அமைச்சகம் பழகிய முறை வேறு: முதலில் முழுத் திட்டம், பிறகு தேதி வாரியாக அறிக்கை. மாணவர் குழுவோ இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் (குறுகிய வேலைச் சுற்று) என்று ஓடிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் மதம் மாற்ற முயலவில்லை. அமைச்சகத்தின் மேலதிகாரிகளோடு நடந்த கூட்டங்களில் இலக்குகளை மட்டும் பேசினார்கள். எந்த வசதி எந்த வாரம் என்பதை, அமைச்சகத்தின் தகவல் தொழில்நுட்ப அலுவலர்களும் மூத்த நிரலாளர்களும் நேரடியாக உட்கார்ந்து முடிவு செய்தார்கள். கீழே நடந்ததை மேலே புரியும் மொழியில் அறிக்கையாக்கும் வேலையைத் திட்டத் தலைமை பார்த்துக்கொண்டது.

நம் ஊரிலும் இதைச் செய்யலாம். ஒப்பந்தத்தில் பெரிய இலக்குகளை நிலையாக எழுதுங்கள்: மனு பதிவாக வேண்டும், நிலை தெரிய வேண்டும், மாத அறிக்கை வர வேண்டும். அவற்றை எந்த வரிசையில், எந்தத் திரை வடிவில் செய்வது என்பதை மட்டும் நெகிழ்வாக விடுங்கள். ஆடிட் கேட்டால் முந்தைய பதிலில் சொன்ன இஷ்யூ பதிவுகளைக் காட்டலாம். யார் கேட்டார், யார் ஒப்புக்கொண்டார், எந்தத் தேதியில் என்று எல்லாம் இருக்கும். நான் பார்த்த பல கோப்புகளில் அவ்வளவு தெளிவு இருந்ததில்லை.

இவ்வளவு கூட்டம் போட்டா வேலை எப்ப பார்க்கறது?

தினம் நின்றுகொண்டே 10 நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலுவலர்களுக்குச் செய்துகாட்டும் கூட்டம் ஒன்று. அதற்கு மேல் போனால் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கூட்டத்தைக் குறைக்க பிரேசில்காரர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆரம்பத்தில் தங்கள் வேலையைக் கண்காணிக்க வேறொரு மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். தளம் ஓரளவு நிற்கத் தொடங்கியதும், திட்ட நிர்வாகத்தையே அந்தத் தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். அமைச்சக அலுவலர்களும் அங்கேதான் கருத்துச் சொல்ல வேண்டும். தான் சமைத்ததைத் தானே சாப்பிடுவதுபோல. உப்பு குறைவு என்பது பரிமாறும் முன்பே தெரிந்துவிடும்.

செமஸ்டர் பரீட்சை வந்தா பசங்க காணாம போயிடுவாங்களே?

போவார்கள், போகவும் வேண்டும். நவம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் எதையும் வெளியிடுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இறுதியாண்டு மாணவர் வளாக நேர்காணல் தொடங்கியதும் மனத்தளவில் கிளம்பிவிடுகிறார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இறுதியாண்டு புராஜெக்டாக மட்டும் இதைச் செய்வதுதான் பெரிய தவறு. எல்லோரும் ஒரே நாளில் போய்விடுவார்கள். இரண்டாம் ஆண்டு மாணவரை மூன்றாம் ஆண்டு மாணவரோடு ஜோடி சேருங்கள். ஒருவர் போகும்போது மற்றவர் தலையில் பாதியாவது இருக்கும். பிரேசிலில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தும் திட்டம் நிற்காததற்கு, மூத்த நிரலாளர்கள் நிலையாக இருந்ததும் இந்த ஜோடி முறையும்தான் காரணம் என்று நினைக்கிறேன். புதிதாக வருபவர் முதல் நாளே கணினியில் எல்லாவற்றையும் நிறுவிவிட முடிகிறதா என்பது நல்ல சோதனை. அதற்கே ஒரு வாரம் ஆகிறதென்றால் உங்கள் குறிப்புகளில் ஓட்டை இருக்கிறது.

என் பொண்ணுக்கு இதுல சம்பளம் உண்டா, இல்ல வெறும் சர்டிஃபிகேட்தானா? வேலைக்கு உதவுமா?

மாணவியின் அப்பா கேட்டது. அவர் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் இதைக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தார்கள் என்று புரிந்தது.

பிரேசிலில் மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. இங்கேயும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பணம் வாங்காதவரிடம், ஏன் நேற்று வரவில்லை என்று கேட்க முடியாது. பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் தொகையாவது வேண்டும். இல்லையென்றால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள்.

வேலைக்கு உதவுமா என்றால், இவர் எழுதிய ஒவ்வொரு வரியும் பெயரோடும் தேதியோடும் பொதுவெளியில் இருக்கும். சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்க முடியாத நிறுவனம் இதைச் சரிபார்க்கலாம். பிரேசில் திட்டத்தில் இருந்தவர்களில் சிலர் பிறகு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கே கோட் எழுதப் போனார்கள். எல்லோரும் அப்படிப் போய்விடுவார்கள் என்று அந்த அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

கோட் எல்லாம் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. சர்வர்ல ஏத்த மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாவட்ட அலுவலகத்துக்கு மனுப் பதிவு மென்பொருள் ஒன்றை மாணவர்களோடு சேர்ந்து எழுதினோம். நான்கு மாதம். செய்துகாட்டிய அன்று கைதட்டல், சால்வை, போட்டோ. அப்புறம் யார் சர்வர் கொடுப்பது, யார் கடவுச்சொல் வைத்திருப்பது, இரவில் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்று எவருக்கும் தெரியவில்லை. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தோம். ஓடும் நிலையில் இருந்த ஒரே பிரதி ஒரு மாணவரின் லேப்டாப்பில் இருந்தது, அவர் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டார். அலுவலகத்தைக் குறை சொல்லி என்ன பயன்? நாங்கள் முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

பிரேசிலிலும் இதே பள்ளத்தில்தான் விழுந்தார்கள். மாணவர் குழு ஒவ்வொரு பதிப்பையும் முடித்துக் கொடுக்கும், சர்வரில் ஏற்றும் வேலை அரசின் தொழில்நுட்ப ஆட்களுடையது. அது இழுத்துக்கொண்டே போனது. மக்கள் பார்க்கும் தளத்தில் எதுவும் மாறாததால் அமைச்சகத்துக்கு, இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்ற சந்தேகம். செய்து முடித்த வேலை கண்ணில் படவில்லையே என்று இவர்களுக்கு எரிச்சல். கடைசியில், ஏற்றும் பொறுப்பையே எங்களிடம் கொடுங்கள் என்று பேசி அனுமதி வாங்கினார்கள். நிறுவும் படிகள் அத்தனையையும் ஷெஃப் என்ற கருவி கொண்டு தானியங்கி ஆக்கினார்கள். நிஜ சர்வரைப் போலவே இன்னொரு சூழலை அமைத்து, அலுவலர்கள் அங்கே தொட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகு மக்கள் தளத்துக்கு ஏற்றினார்கள். சொன்ன திருத்தம் சில நாளில் திரையில் தெரிய ஆரம்பித்ததும் அலுவலர்களின் பேச்சே மாறிவிட்டது. அதுவரை எழுதிய எந்த அறிக்கையும் அந்த நம்பிக்கையைக் கொண்டுவந்திருக்கவில்லை.

அது பிரேசில். இங்க செக்யூரிட்டி ஆடிட் இல்லாம எதையும் ஏத்த முடியாதே?

உண்மை. இந்திய அரசுத் தளங்களை நிறுவும் முன், அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த நிறுவனம் ஒன்று பாதுகாப்புத் தணிக்கை செய்து சான்றிதழ் தர வேண்டும். பெரிய மாற்றம் செய்தால் மறுபடியும் தணிக்கை. இதை இரண்டு வார ஸ்பிரிண்டோடு கட்டிப்போட முடியாது.

எனவே இரண்டு தாளம் வையுங்கள். அலுவலர்கள் பார்க்கும் சோதனைத் தளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறட்டும். அதில் மக்கள் தரவு எதுவும் இருக்கக் கூடாது. மக்கள் தளம் சில மாதத்துக்கு ஒருமுறை, தணிக்கை முடிந்து மாறட்டும். தணிக்கைக்கான பணத்தை முதல் நாள் மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள். கடைசியில் கேட்டால் ஒருவரும் தர மாட்டார்கள்.

சோர்ஸ் கோடு வெளியில கிடந்தா ஹேக் பண்ணிட மாட்டாங்களா?

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பூட்டுக் கடைக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். சாவி இல்லாமல் உங்கள் வீட்டைத் திறந்துவிடுகிறார்களா? அமைப்பு தெரிந்தாலும் சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்ற கொள்கையைக் குறியாக்க அறிஞர் கெர்க்காஃப்ஸ் 1883லேயே எழுதிவிட்டார். இந்திய அரசும் 2015இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்தது. அரசுக்காக எழுதிய கோடைத் திறந்துவிடுவதற்கான கொள்கையும் அதே ஆண்டில்தான் வந்தது.

நிஜ ஆபத்து வேறு. மாணவர் சாவியையே கோடோடு சேர்த்து ஏற்றிவிடுவார். டேட்டாபேஸ் கடவுச்சொல்லை ஒரு கோப்பில் எழுதி, அதையும் கோட் வைக்கும் பொதுக் களஞ்சியத்துக்கு (ரிப்போ) தள்ளிவிடுவார். அடுத்த நிமிடமே அழித்தாலும் அதன் மாற்றங்களின் வரலாற்றில் இருக்கும். அப்படி நடந்தால் திட்டாதீர்கள், உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் மறைத்துவிடுவார்கள்.

மக்களோட ஆதார் நம்பர், போன் நம்பர் எல்லாம் பசங்க கைக்குப் போகலாமா?

கூடாது. கற்பனைப் பெயர், கற்பனை எண் கொண்ட போலித் தரவை முதல் ஸ்பிரிண்டிலேயே உருவாக்கிக்கொள்ளுங்கள். எங்கள் சோதனைத் தரவில் முருகன் என்ற பெயரில் 400 பேர் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். ஒரு பிழையை உண்மைத் தரவில் மட்டும்தான் பார்க்க முடியும் என்றால், அலுவலர் தன் இருக்கையில் தன் கையால் இயக்கட்டும், மாணவர் பக்கத்தில் நிற்கட்டும்.

பழைய டேட்டா எல்லாம் வானவில் ஃபாண்ட்ல இருக்கு. அதை என்ன பண்றது?

தமிழ்நாட்டுக்கே உரிய கேள்வி, பிரேசில்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. வானவில் பழைய எழுத்துரு. அதிலிருந்து எல்லாக் கணினியும் படிக்கும் யுனிகோடுக்கு மாற்ற மாற்றி மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் ஒரே கோப்பில் பெயர் வானவில்லிலும் முகவரி வேறொரு எழுத்துருவிலும் இருக்கும், நடுவில் ஆங்கிலம் வரும். மாற்றி மென்பொருள் அந்த ஆங்கிலத்தையும் தமிழ்க் குப்பையாக்கிவிடும். மாற்றியதில் நூறு வரியாவது அந்த அலுவலக ஊழியரை வைத்துக் கண்ணால் சரிபாருங்கள். இதற்கு ஒரு முழு ஸ்பிரிண்ட் ஒதுக்குங்கள். எளிது என்று சொல்பவர் இதைச் செய்ததில்லை.

இருக்கற சாஃப்ட்வேரை எடுத்து நமக்கு ஏத்த மாதிரி வெட்டி ஒட்டினா முடிஞ்சுதே?

முதல் மாதம் முடிந்த மாதிரிதான் இருக்கும். பிரேசில் திட்டம் நடந்த காலத்தில் கிட்லேப் ஒவ்வொரு மாதமும் 22ஆம் தேதி புதுப் பதிப்பு வெளியிட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் உள்ளே கைவைத்து வெட்டி ஒட்டியிருந்தால் வருடத்துக்கு 12 முறை அதே வெட்டு ஒட்டு. இரண்டு முறை செய்வீர்கள், மூன்றாம் முறை சோம்பல் வரும், அதோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும். பல அரசுத் தளங்கள் பழைய பதிப்பில் உறைந்து நிற்பது இப்படித்தான்.

முடிந்தவரை வெளியிலிருந்து இணையும் செருகுநிரலாக எழுதுங்கள். நூஸ்ஃபெரோவில் அப்படித்தான் செய்தார்கள். உள்ளே கைவைத்தே ஆக வேண்டும் என்றால் மாற்றத்தை மூல சமூகத்துக்கு அனுப்பி ஏற்க வையுங்கள். ஏற்றுக்கொண்டால் அதன் பராமரிப்பு உங்கள் தலையில் மட்டும் இருக்காது. நேரம் பிடிக்கும், சில சமயம் மறுத்தும் விடுவார்கள்.

எந்த லைசென்ஸ் போடணும்?

எடுத்துக்கொண்ட மென்பொருளின் உரிமத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதிதாக எழுதினால் என் தேர்வு அஃபெரோ ஜிபிஎல். அதை மாற்றி இணையச் சேவையாக நடத்துபவரும் தன் மாற்றங்களைப் பயனருக்குத் திறந்து காட்ட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. மக்கள் பணத்தில் எழுதியதை ஒருவர் எடுத்து, மூடி, அதே மக்களுக்கு விற்பது எனக்கு உறுத்தும். உங்களுக்கு உறுத்தவில்லை என்றால் அந்தக் கட்டாயம் இல்லாத எம்ஐடி உரிமம் போட்டுக்கொள்ளுங்கள். போடாமல் மட்டும் விடாதீர்கள். உரிமம் எழுதாத கோட் திறந்த மூலம் ஆகாது, பொதுவெளியில் கிடந்தாலும்.

ஹேக்கத்தான்ல ஜெயிச்ச புராஜெக்ட் இருக்கு. அதை அப்படியே கொடுக்கலாமா?

2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் அமைச்சகங்களே பிரச்சினைகளைத் தந்தன, மாணவர்கள் 36 மணி நேரம் இடைவிடாமல் எழுதினார்கள். ஆர்வத்தைக் கிளப்ப நல்ல வழி. ஆனால் 36 மணி நேரத்தில் எழுதியதை ஒரு முன்வரைவாக எண்ணுங்கள். பரிசு வாங்கியவர்கள் கோபப்பட வேண்டாம், கோடைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிடைத்த புரிதலோடு முதல் ஸ்பிரிண்டிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

ஆட்சி மாறினா, கலெக்டர் மாறினா எல்லாம் போச்சா?

பிரேசில் திட்டம் முடிந்தது 2016 ஜூன். அதற்கு முந்தைய மாதம்தான் அந்நாட்டு அதிபர் பதவியிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார், ஆகஸ்டில் முழுதாகவே நீக்கப்பட்டார். 2019இல் அந்தத் திட்டமிடல் அமைச்சகமே பொருளாதார அமைச்சகத்துக்குள் கரைந்துபோனது. நம் ஊர் இடமாற்ற உத்தரவெல்லாம் இதன் முன்னால் சும்மா.

அரசியலை நிரலாளர் தடுக்க முடியாது. கோட் மூல சமூகங்களுக்குள் போயிருந்தால் அது மிஞ்சும், அந்த மாணவர்களின் கையில் ஏறிய வேலை மிஞ்சும். உங்கள் பக்கம் செய்யக்கூடியது: மேலதிகாரி ஒருவரின் ஆர்வத்தை மட்டும் நம்பாமல், தினமும் மென்பொருளைத் திறக்கும் எழுத்தர் நிலை ஊழியர் இருவருக்காவது அது இல்லாவிட்டால் கஷ்டம் என்ற நிலையை உண்டாக்குங்கள். புது அதிகாரியிடம் உங்களுக்காகப் பேசப் போவது அவர்கள்தான்.

நம்ம பக்கத்துல இதுக்கு உதாரணமே இல்லையா?

இருக்கிறது, கடலுக்கு அந்தப் பக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இலங்கையில் காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் கணக்கில் வைக்க, தொழில்நுட்பத் தன்னார்வலர்கள் இராப்பகலாக எழுதிய மென்பொருள் சகானா. லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அதை வளர்த்தது. அரசின் நிவாரண மையத்தில் அது ஓடியது. அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010இல் ஹைட்டிக்கும் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டு சமூகப் பயன் விருதும் அதற்குத்தான். கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்ற நிரலாக்கத் திட்டம் வழியாகப் பல நாட்டு மாணவர்கள் பின்னர் அதில் சேர்ந்தார்கள்.

கவனிக்க வேண்டியது, அவசரத்தில் எழுதிய முதல் பதிப்பை வைத்துக்கொண்டே அவர்கள் ஓட்டவில்லை. நிலைமை தணிந்ததும் நிதி திரட்டித் திரும்ப எழுதினார்கள். ஹேக்கத்தான் பற்றிச் சொன்னதேதான். 2020இல் கொரோனா வந்தபோதும், ஓஸ்லோ பல்கலைக்கழகம் வளர்க்கும் திறந்த மூல சுகாதாரத் தகவல் மென்பொருளான டிஎச்ஐஎஸ்2ஐ வைத்து இலங்கைக் குழு சில நாளில் ஒரு கண்காணிப்பு அமைப்பைக் கட்டியது. அதைப் பார்த்து மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன.

சரி சார், நாங்க ஆரம்பிக்கறோம். முதல் வாரம் என்ன செய்யணும்?

கணினியைத் திறக்காதீர்கள். அந்த அலுவலகத்துக்குப் போய், மனு வாங்கும் ஜன்னலுக்கு உட்பக்கம் இரண்டு நாள் உட்காருங்கள். ஊழியர் பதிவேட்டில் அச்சடித்த கட்டங்களுக்கு வெளியே ஓரத்தில் பென்சிலால் எதையாவது எழுதிக்கொண்டிருப்பார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தேவையான பாதி விவரம் அந்த ஓரத்தில்தான் இருக்கும். ஒரே ஒரு படிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

அப்புறம் முதல் ஸ்பிரிண்டின் இலக்கு: ‘வணக்கம்’ என்ற ஒற்றை வரிப் பக்கம், அந்த அலுவலகம் பயன்படுத்தப் போகும் அதே சர்வரில், அந்த ஊழியரின் கணினியில் திறக்க வேண்டும். வேறு எதுவும் எழுத வேண்டாம். யாரிடம் அனுமதி, எந்த அறையில் சாவி, யார் விடுமுறையில் இருக்கிறார் என்பதெல்லாம் அந்த ஒரு வரியை ஏற்றும்போதே தெரிந்துவிடும். பென் டிரைவ் பாடம் படித்த பிறகு நாங்கள் எடுத்த அடுத்த திட்டத்தில் அந்த ‘வணக்கம்’ திறக்க ஏழு வாரம் ஆனது.